முகில்மாட நாட்டின் வேலியார்

ஒரு சொல்லும் உரக்கப் பேசாமலே இந்தப் பெருங்கூட்டத்தை அடக்கி அமர்த்தியிருக்கும் விழாத் தலைவர், சாமக்கொல்லை ஊர்ப் பஞ்சாயத்தை நடத்தும் நாட்டார் ரங்கன் ஐயா அவர்களே. அவருக்கு வலமும் இடமுமாக வீற்றிருக்கும் அக்கம்பக்கத்து ஊர்ப் பெரியோர்களே. விடியலில் எழுந்து, களி கிண்டி, கன்றைக் கட்டி, கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றி, கல்லும் கரடும் கடந்து வந்து முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட தாய்மார்களே. பந்தலில் நாற்காலி காலியாக இருந்தும் பாறை மேல்தான் உட்காருவோம் என்று பிடிவாதம் பிடிக்கும் இளைஞர்களே. ஒடுகத்தூரிலிருந்தும் கண்ணமங்கலத்திலிருந்தும் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் பொறுத்துக்கொண்டு பேருந்தில் வந்து சேர்ந்த விருந்தினர்களே.

இந்த மேடைக்குப் பின்னால், அந்த நீலத் தார்ப்பாய்க்கு அப்பால், இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கும் ஆறு பேரே. முதலில் அழைக்க வேண்டிய உங்களைக் கடைசியில் அழைக்கிறேன். உங்களை அழைப்பதற்கு முன்னால் நான் கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

உங்கள் அனைவருக்கும் கணியம்பாடி ஜீவானந்தத்தின் தலைதாழ்ந்த வணக்கம். தலைதாழ்ந்த என்ற சொல்லை இருபத்தாறு ஆண்டுகளாக மேடைதோறும் வழக்கத்துக்காகச் சொல்லி வந்தவன் நான். இன்று அதைப் பொருள் தெரிந்து சொல்கிறேன்.

என்னம்மா? சத்தம் பின்னால் கேட்கவில்லையா? தம்பி அஜய், அந்தக் குழாய்ச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டப்பா. இப்போது? சரி.

தாய்மார்களே, பெரியோர்களே. நடந்ததை நீங்கள் அறிவீர்கள். நீங்கள் கண்ணால் கண்டவர்கள், உங்களில் சிலர் உடம்பால் கண்டவர்கள். ஆனால் அடிவாரத்து ஊர்களிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஆளுக்கொரு விதமாகச் செய்தி போயிருக்கிறது. அதனால் அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அது என்ன கடமை என்பது நடுவில் விளங்கும்.

இந்த ஊர்ப் பெண் ரம்யா, திருவண்ணாமலையில் பட்டம் படித்துவிட்டு ஊர் திரும்பியதும் ஒரு நாடகம் எழுதினாள். எந்த அரசனின் வரலாறும் இல்லை, எந்தப் புராணமும் இல்லை. தன் மனத்திலேயே ஒரு நாட்டை முளைக்க வைத்தாள். முகில்மாட நாடு என்று பெயர். எந்த வரைபடத்திலும் அதைத் தேடாதீர்கள். மேகம் தரையில் மேயும் நாடு அது. மழை பெய்தால் மாடிக்குக் கீழே பெய்யும் நாடு. அந்த நாட்டுக்கு மதில் உண்டா? இல்லை. அகழி உண்டா? இல்லை. கோட்டைக் கதவு, கொத்தளம், காவற்கோபுரம் ஏதாவது உண்டா? ஒன்றும் இல்லை. அரசனைச் சுற்றி ஆறே ஆறு பேர் நிற்பார்கள். அந்த அறுவரே அந்த நாட்டுக்கு அரண். அவர்களை அந்த நாட்டு மக்கள் வேலியார் என்று அழைத்தார்கள்.

வேலியார் என்றால் என்ன? விளைந்த கொல்லையைச் சுற்றி முள்ளை வைத்து மூடுகிறோமே, அந்த வேலிதான். வேலி பயிரைப் பார்ப்பதில்லை. வெளியே பார்க்கிறது. வேலியாரும் அப்படித்தான். அரசனுக்கு முதுகைக் காட்டி, உலகத்துக்கு முகத்தைக் காட்டி நிற்பார்கள். முப்பது ஆண்டு காவல் நின்ற வேலியார் ஒருவரிடம் அரசன் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அவர் அரசனைப் பார்த்ததே இல்லை. அரசனின் மூச்சை மட்டும் முதுகில் உணர்ந்திருப்பார்.

அந்தப் படையில் சேருவது எப்படி? தோள் வலிமையைப் பார்த்தார்களா? வாள் வீச்சைப் பார்த்தார்களா? சேர வந்தவரின் கையில் நிறைகுடத்தைக் கொடுத்துச் சந்தை நடுவே நிறுத்திவிடுவார்கள். காலையில் நின்றவர் மாலை வரை நிற்க வேண்டும். நடுப்பகலில் ஒருவன் ஓடிவந்து, உன் வீடு எரிகிறது என்று சொல்வான். சில நேரம் அது பொய்யாக இருக்கும். சில நேரம் மெய்யாகவே இருக்கும். குடம் குலுங்காமல் எவர் நின்றாரோ அவரே வேலியார்.

யாரோ அங்கே கேட்கிறார்கள். சொல்லுங்க, சத்தமாகவே கேளுங்கள். "அப்ப வூடு நெசமா எரிஞ்சா இன்னா சார் பண்றது?" நல்ல கேள்வி ஐயா. நானும் ரம்யாவிடம் இதையே கேட்டேன். அதற்கும் நாடகத்தில் சட்டம் வைத்திருந்தாள். வேலியாரின் வீட்டுத் தீயை ஊரே அணைக்க வேண்டும். வேலியாரின் கொல்லையை ஊரே உழ வேண்டும். அரசனை அவர் காப்பார், அவர் வீட்டை ஊர் காக்கும். அதுதான் உடன்படிக்கை.

இன்னும் ஒரு சட்டம் இருந்தது. அரசன் எதைச் சொன்னாலும் வேலியார் செய்ய வேண்டும். மலை உச்சியிலிருந்து குதி என்றால் குதிக்க வேண்டும். ஒரே ஒரு கட்டளையை மட்டும் அவர்கள் மீறலாம், மீறியே ஆக வேண்டும். என்னை விட்டுப் போ என்று அரசன் சொன்னால், அதை மட்டும் அவர்கள் காதில் வாங்கக் கூடாது.

அருமையான கற்பனை. நான் அன்று அதைக் கற்பனை என்றுதான் நினைத்தேன்.

வேலியாராக நடிக்க ஆண்களைத் தேடினாள் ரம்யா. நம் ஊர் ஆண்கள் அப்போது கேரளத்துக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போயிருந்தார்கள். இருந்தவர்களில் பாதிப் பேர், ராஜாவாகப் போடுவதானால் வருகிறேன், சேவகனாக நிற்க மாட்டேன் என்றார்கள். சிரிக்காதீர்கள், அவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் ஆறு பெண்கள் வந்தார்கள். மங்கம்மாள், வெள்ளச்சி, சின்னக்குழந்தை, கல்பனா, கல்லூரி முதலாண்டு படிக்கும் ஆனந்தி. ஆறாவது இடம் நெடுநாள் காலியாகவே கிடந்தது. அதற்கு ஆள் கிடைக்காமல் நாடகமே நின்றுவிடும் என்ற நிலையில், பாஞ்சாலி அம்மாள் வந்து நின்றார்.

பாஞ்சாலி அம்மாள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அரசனாக நடித்தவர் தீர்த்தகிரி. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போனவர். மூன்று சக்கர வண்டியில் வந்து ஜமுனாமரத்தூர் சாலையில் செல்போன் பழுது பார்க்கும் கடை நடத்துகிறார். காலில் இல்லாத வலுவை எல்லாம் குரலில் வாங்கி வந்தவர். அவர் வாய் திறந்தால் வெண்கல மணி ஒலிக்கும். அரசன் நாடகம் முழுவதும் அரியணையில் அமர்ந்தே இருப்பதால் அவரையே அரசனாக்கினாள் ரம்யா. அந்தத் தீர்த்தகிரிக்கும் பாஞ்சாலி அம்மாளுக்கும் இரு கொல்லைக்கும் நடுவே நிற்கும் ஒரு புளியமரத்தால் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. எதிரே வந்தால் ஒருவர் வழியை மாற்றிக்கொள்வார். தீர்த்தகிரி வருவது மூன்று சக்கர வண்டியில் என்பதால் வழி மாற்றிக்கொள்வது எப்போதும் பாஞ்சாலி அம்மாள்தான்.

"வேஷங் கட்டுனா காவல் நிப்பேன்," என்று ரம்யாவிடம் சொல்லியிருக்கிறார் அந்த அம்மாள். "வேஷம் கலஞ்சா அவரு யாரோ நான் யாரோ. இதுக்கு ஒத்துக்கினா வர்றேன்."

முதுகைக் காட்டி நிற்கும் காவல் என்பதால் அவருக்கு வசதியாகவும் இருந்திருக்கும்.

மூன்று மாதம் பயிற்சி. சாமை அறுத்த கையோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வருவார்கள். கையில் மூங்கில் கழி, தோளில் கறுப்புக் கம்பளி, மார்பில் எண்ணெய் டின்னைத் தட்டி நிமிர்த்திச் செய்த கவசம். வட்டமாக நிற்க வேண்டும். நாய் குரைத்தாலும் திரும்பக் கூடாது. பிள்ளை அழுதாலும் திரும்பக் கூடாது. ஒரு நாள் வெள்ளச்சியின் சொந்த ஆடே வந்து அவர் கம்பளியை மென்றதாம். வெள்ளச்சி அசையவில்லை. மென்று முடித்துவிட்டு ஆடுதான் போனது. ஆமாம், அந்தக் கம்பளியில் ஓட்டை இன்னும் இருக்கிறது, வெள்ளச்சியைக் கேட்டுப் பாருங்கள்.

இப்படி வந்தது தை மாதம். காணும் பொங்கல் நாள். இதே மைதானம், இதே மேடை, பிற்பகல் மூன்று மணி. சிறப்பு விருந்தினர் யார்? அடியேன். தலைப்பு என்ன? வீரம்.

நாற்பது நிமிடம் பேசினேன். வீரம் என்பது விழுப்புண் என்றேன். வீரம் என்பது மார்பைக் காட்டுவது என்றேன். அஞ்சாமை அஞ்சாமை என்று அடுக்கடுக்காக அள்ளி வீசினேன். நீங்களும் கைதட்டினீர்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என் பேச்சுக்கு மரியாதை செய்வதற்காக இளைஞர்கள் ஆயிரம் வாலா சரவெடி ஒன்றைக் கொளுத்தினார்கள். எங்கே கொளுத்தினார்கள்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிற்கும் அந்த இலவ மரத்தின் அடியில். மேலே பாருங்கள். இன்று அங்கே ஒன்றும் இல்லை. அன்று அந்த மரத்தில் மலைத்தேனீக்களின் ஏழு கூடுகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு முறத்தை விடப் பெரியது.

நாடகம் தொடங்கியது. முதல் காட்சி முடிந்தது. இரண்டாம் காட்சி முடிந்தது. வெடிச் சத்தத்தில் கூடுகள் கலைந்து மரத்துக்கு மேலே திரண்டுகொண்டிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. மூன்றாம் காட்சியில் அரசன் மக்கள் நடுவே வந்து அமர வேண்டும் என்பதால், தீர்த்தகிரியைத் தூக்கி வந்து மேடைக்குக் கீழே, கூட்டத்தின் நடுவில் போட்ட அரியணையில் உட்கார வைத்தார்கள். அறுவரும் சுற்றி நின்றார்கள். அவர் வாயைத் திறந்தார்.

அந்த நேரத்தில் வெயில் மங்கியது. மேகம் என்று நினைத்தேன். மேகத்துக்கு இரைச்சல் உண்டா? அந்த மேகம் இரைந்தது.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்? ஆயிரம் பேர் அமர்ந்திருந்த இடத்தில் ஆயிரம் செருப்புகள் மட்டும் கிடந்தன. தாய்மார்கள் முந்தானையால் பிள்ளைகளை மூடிக்கொண்டு வகுப்பறைக்குள் பாய்ந்தார்கள். அது சரி. அதைத்தான் செய்ய வேண்டும். பெரியவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு சிலர் ஓடினார்கள். அதுவும் சரி.

வீரத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியவன் என்ன செய்தான்?

ஓடினேன். மேடையிலிருந்து குதித்து ஓடினேன். பொன்னாடையைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடினேன். என்னை அழைத்து வந்த வாடகைக் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். ஓட்டுநர் சுரேஷ் எனக்கு முன்பே உள்ளே இருந்தார். மைதானத்தில் இன்னும் சிலர் ஒதுங்க இடமில்லாமல் அலைந்துகொண்டிருந்தார்கள். சுரேஷ் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"சார், பின்னாடி கதவத் தொறக்கட்டுங்களா? மூணு நாலு பேரு உள்ள வந்துக்கலாம்."

நான் சொன்ன பதிலை இந்த மூன்று மாதத்தில் மேடையில் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன். "வேண்டாம்பா. தொறந்தா உள்ள வந்துடும்" என்றேன்.

தேனீ உள்ளே வந்துவிடும் என்று சொன்னேன். வராமல் போனது மனிதர்கள்.

இருங்கள். என்னைப் பற்றிச் சொல்ல நான் வரவில்லை. அந்தக் கார்க் கண்ணாடி வழியாக நான் கண்டதைச் சொல்ல வந்திருக்கிறேன். ஓடி ஒளிந்தவனுக்கும் கண் இருந்தது.

மைதானம் காலியாகிவிட்டது. நடுவில் ஓர் அரியணை. பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சரிகைத்தாள் ஒட்டிய அரியணை. அதில் நடக்க முடியாத ஓர் அரசன். அவனைச் சுற்றி ஆறு பெண்கள். அவர்களில் ஒருவரும் நகரவில்லை.

நகராதது மட்டுமா? கம்பளியைக் கழற்றினார்கள். தாய்மார்களே, யோசித்துப் பாருங்கள். மலைத்தேனீ மேலே விழும்போது உடம்பில் இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்தக் கம்பளி. அதைக் கழற்றினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு கம்பளியையும் தீர்த்தகிரியின் மேல் போர்த்தினார்கள். விளிம்பைக் காலால் மிதித்துக்கொண்டார்கள், ஒரு தேனீகூட உள்ளே நுழையாதபடி. பிறகு தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். எப்படி நின்றார்கள்? அவருக்கு முதுகைக் காட்டி, வெளியே முகத்தைக் காட்டி நின்றார்கள். ரவிக்கையும் சேலையும் எண்ணெய் டின் கவசமும்தான் மேலே. கைகளால் முகத்தை மூடியிருக்கலாம். ஆனால் கைகள் கோத்திருந்தன.

ஆனந்தி விழுந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். இரண்டு பக்கத்திலிருந்தும் அவளை இழுத்து நிமிர்த்தினார்கள். மறுபடியும் நின்றாள்.

பாஞ்சாலி அம்மாள் இலவ மரத்தைப் பார்த்த பக்கத்தில் நின்றார். தேனீக்கள் வந்த பக்கம் அது. அவர் முகம் கறுத்துக்கொண்டே போனதை நான் பார்த்தேன். நிழல் விழுகிறது என்று நினைத்தேன். நிழல் இல்லை. அவ்வளவும் தேனீ.

கம்பளிக்குள் நடந்ததைத் தீர்த்தகிரி பிறகு என்னிடம் சொன்னார். அவர் கத்தினாராம். "ஓடுங்க. எல்லாரும் ஓடுங்க. என்ன வுட்டுட்டுப் போங்க. நான் சொல்றேன், கேளுங்க." அரசனின் கட்டளை அது. அந்த வெண்கலக் குரலில் வந்த கட்டளை. மீற வேண்டிய அந்த ஒரே கட்டளை. அதை நாடக வசனமாக அவர் சொல்லவில்லை, மெய்யாகவே கெஞ்சினார். ஆறு பேரும் அசையவில்லை. அப்போது கம்பளிக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்ததாம். ஆறு வருடம் கழித்துப் பாஞ்சாலி அம்மாள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"வாய மூடிக்கினு குனிஞ்சி ஒக்காரு."

அவ்வளவுதான். அரசன் வாயை மூடிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தான்.

எவ்வளவு நேரம் நின்றார்கள் தெரியுமா? ரம்யாவும் நான்கைந்து பேரும் சாக்கைப் போர்த்திக்கொண்டு, ஈர வைக்கோலையும் பச்சைத் தழையையும் கொளுத்தி, புகையைத் தள்ளிக்கொண்டே மைதானத்துக்குள் வரும் வரை நின்றார்கள். பதினெட்டு நிமிடம். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். வேறு வேலை எனக்கு அங்கே இல்லையே.

புகை பரவியது, இரைச்சல் விலகியது. கம்பளியை விலக்கினார்கள். தீர்த்தகிரியின் உடம்பில் ஒரே ஒரு கொட்டு. இடது காதில். அதன் பிறகுதான் வேலியார் உட்கார்ந்தார்கள். பாஞ்சாலி அம்மாள் உட்காரவில்லை, சரிந்தார்.

சுரேஷ் இந்த முறை என்னைக் கேட்கவில்லை. "சார், எறங்குங்க. அந்த அக்காவ ஏத்தணும்" என்றார். இறங்கினேன். பாஞ்சாலி அம்மாளையும் ஆனந்தியையும் ஏற்றிக்கொண்டு அமிர்தி வழியாகக் கணியம்பாடி இறங்கி வேலூர் போய்ச் சேர்ந்தார் சுரேஷ். வழக்கமாக இரண்டு மணி நேரம் ஆகும் பாதை. அவர் எவ்வளவு நேரத்தில் போனார் என்று நான் சொல்ல மாட்டேன், போக்குவரத்துத் துறையைச் சேர்ந்த ஒருவர் இங்கே அமர்ந்திருக்கிறார். மற்ற நால்வரையும் ஆம்புலன்ஸ் ஏற்றிச் சென்றது.

ஆனந்தி இரண்டு நாளில் எழுந்தாள். மற்றவர்களும் ஒரு வாரத்துக்குள் திரும்பினார்கள். பாஞ்சாலி அம்மாளுக்கு நினைவு திரும்ப இரண்டு நாள் ஆனது. விஷம் சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டது. இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். கொடுக்குகளை எடுத்த செவிலியர் இருநூறு வரை எண்ணினாராம், அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை என்றார். பதினேழு நாள் மருத்துவமனை வாசம்.

அந்தப் பதினேழு நாளும் இந்த ஊர் என்ன செய்தது என்பதையும் கீழேயிருந்து வந்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். பாஞ்சாலி அம்மாளின் வீட்டு அடுப்பு ஒரு வேளைகூட அணையவில்லை. அவர் மாட்டுக்கு யாரோ தண்ணீர் காட்டினார்கள், அவர் கொல்லையில் யாரோ களை எடுத்தார்கள். யார் என்று கேட்டால் ஒருவரும் கையைத் தூக்குவதில்லை. இதோ, இப்போதும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள் பாருங்கள்.

நான்காம் நாள் நான் அந்த மருத்துவமனைக்குப் போனேன். ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அலங்காரமாகக் கோத்துக்கொண்டு போனேன். படுக்கை அருகே நின்று பழத்தைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னேன். "அம்மா, நான் ஓடிட்டேன். கதவையும் தொறக்க விடலை."

வீங்கிய இமையைக் கஷ்டப்பட்டுத் திறந்து பார்த்தார். கோபம் இல்லை. யோசித்துத்தான் சொன்னார்.

"ஓடுனது தப்பில்ல சார். நீங்க பேச வந்தவரு, காவலுக்கு வந்தவரு இல்ல. நாங்கதான் ஓடக் கூடாது."

"கதவு?" என்றேன்.

"அது தப்புதான்," என்றார். "அடுத்த வாட்டி தொறந்து வுடுங்க."

அதற்கு முன் எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சார் செய்திருப்பார்கள் என்றார்கள். அவையெல்லாம் என்னைத் தூங்க விடவில்லை. அந்த அம்மாள் தப்பைத் தப்பு என்று சொன்னார் பாருங்கள், அதன் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

நான் மேலும் கேட்டேன். "பயமா இல்லையாம்மா? எப்படி நின்னீங்க?" பெரிய பதிலை எதிர்பார்த்தேன். மேடையில் சொல்வதற்கு ஒரு வாசகம் கிடைக்கும் என்ற ஆசை எனக்குள் அப்போதும் செத்துப் போகவில்லை.

"பயந்தான்," என்றார். "மூணு மாசமா நிக்கப் பழகுன காலு சார். மனசு ஓடு ஓடுன்னுச்சி. காலு கேக்கல."

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே சுரேஷ், தன் காரில் மலையிலிருந்து அழைத்து வந்த தீர்த்தகிரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார். தீர்த்தகிரி அழுதார். அழுது முடித்துவிட்டுச் சொன்னார். "பாஞ்சாலி, அந்தப் புளியமரம் இனிமே உன்னுது. நான் எழுதிக் குடுத்துடறேன்."

பாஞ்சாலி அம்மாள் அவரைப் பார்த்தார். காவலில் பார்க்காத முகத்தை அங்கேதான் நேராகப் பார்த்தார். "நீ இன்னா எழுதிக் குடுக்கறது? அது மொதல்லேருந்தே எனுது. உசுர காப்பாத்துனதுக்கும் மரத்துக்கும் இன்னா சம்பந்தம்? அது வேற பஞ்சாயத்து, இது வேற. அத நாட்டாரு முன்னாடி பேசிக்கலாம்."

சிரிக்கிறீர்கள். நாட்டார் ஐயாவும் சிரிக்கிறார், அந்தப் பஞ்சாயத்து அவர் முன்னால் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நானும் அன்று சிரித்தேன். மருத்துவமனையிலிருந்து வீடு போய்ச் சேர்ந்த பிறகு சிரிப்பு நின்று, நடுக்கம் வந்தது.

ஏன் நடுங்கினேன்? பிடித்தவருக்காக உயிரைக் கொடுப்பதை உலகம் கண்டிருக்கிறது. பெற்ற பிள்ளைக்காகத் தாய் தீயில் இறங்குவாள். கட்டியவளுக்காகக் கணவன் வெள்ளத்தில் குதிப்பான். அது பாசம், அதைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத ஒருவருக்காக, நாளைக்கும் வழக்கில் எதிரே உட்காரப் போகும் ஒருவருக்காக, ஒரு கம்பளியைக் கழற்றிப் போர்த்திவிட்டு இருநூறு கொடுக்குகளை முகத்தில் வாங்கிக்கொண்டு ஒருவர் நிற்கிறார் என்றால், அதற்கு என்ன பெயர்? இருபத்தாறு ஆண்டு தமிழைத் தின்று வளர்ந்த என் நாக்குக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. தீர்த்தகிரி நல்லவர் என்பதற்காக அவர் நிற்கவில்லை. தீர்த்தகிரி அரசர் என்பதற்காகவும் நிற்கவில்லை. தன் பின்னால் ஓட முடியாத ஓர் ஆள் இருக்கிறார், தான் காவலுக்கு நின்றிருக்கிறோம். அவ்வளவுதான் அவர் பார்த்தது. அந்த வட்டத்தில் நின்ற ஆறு பேருமே அதைத்தான் பார்த்தார்கள்.

எந்தப் பேரரசு இவர்களைத் தேர்ந்தெடுத்தது? எந்த அரண்மனை இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது? கற்பனையில் ஒரு நாடு, அட்டையில் ஒரு கிரீடம், டின்னில் ஒரு கவசம், மூங்கிலில் ஓர் ஆயுதம். எல்லாமே பொய். பொய்யான அந்த நாட்டின் நடுவே நின்ற ஆறு பேர் மட்டும் மெய். தாய்மார்களே, முகில்மாட நாடு எங்கே என்று இனி யாராவது கேட்டால், ரம்யாவின் நோட்டுப் புத்தகத்தில் என்று சொல்லாதீர்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஆறு ஜோடிக் கால்கள் ஊன்றிய இடத்தைக் காட்டுங்கள். மூன்று மாதத்து வெயிலும் காற்றும் அந்தத் தடத்தை அழித்திருக்கும். பரவாயில்லை, இடம் எது என்று உங்களுக்குத் தெரியும்.

பேச்சை முடிக்கச் சொல்லிச் சீட்டு வந்திருக்கிறது. முடிக்கிறேன். இந்த முறை வெடி வேண்டாம் என்று முடிவு செய்த இளைஞர்களுக்கு என் நன்றி. புகையைச் சுமந்து மைதானத்துக்குள் நுழைந்தவர்களுக்கு என் நன்றி. என்னைக் காரிலிருந்து இறக்கிவிட்ட சுரேஷ் அவர்களுக்கு, அவர் இங்கே எங்கோதான் நிற்கிறார், வாழ்நாள் நன்றி. மறுபடியும் என்னை நம்பி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்த நாட்டார் ஐயாவுக்கும், ஓடிப்போனவன் வந்திருக்கிறானே என்று எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்ட உங்களுக்கும், சொல்லில் அடங்காத நன்றி.

அன்று மூன்றாம் காட்சி நின்ற இடத்திலிருந்து இன்று நாடகம் தொடர்கிறது. அரசர் அரியணைக்கு வந்துவிட்டார். தார்ப்பாய் விலகுகிறது. அதோ, மங்கம்மாள், வெள்ளச்சி, சின்னக்குழந்தை, கல்பனா, ஆனந்தி, பாஞ்சாலி. தயவுசெய்து அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள், திரும்ப மாட்டார்கள்.

அந்த மூன்றாம் காட்சியில் அரசன் என்ன பேசப் போகிறான் என்று இந்தக் கூட்டத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. மேடையை அவர்களிடம் விட்டுவிட்டு இறங்குகிறேன். தாய்மார்களே, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் தரையில் ஓர் இடம் கொடுங்கள்.

வணங்குகிறேன்.